கடைக் கணினியிலிருந்து வெளியே போவது என்ன? திறமூல மென்பொருள் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் இல்லை. அதனால் தருமபுரியில் ஜெராக்ஸ் கடை, பாலக்கோட்டில் டைப்பிங் சென்டர், காவேரிப்பட்டணத்தில் மாங்கூழ் ஆலைக் கணக்கரின் மேசை என்று நான் பழுது பார்க்கப் போகும் இடங்களில் இப்போது உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒன்று ஏறியிருக்கிறது. ஏற்றிக் கொடுத்ததும் கடைக்காரர்கள் தவறாமல் சொல்வது: "இது லினக்ஸ். நம் தகவல் எங்கேயும் போகாது."

பாதிதான் சரி. திறமூல மென்பொருளின் உரிமம் மூலநிரலைப் படிக்க, மாற்ற, பகிர நமக்கு உரிமை தருகிறது. பயனரிடமிருந்து தகவல் சேகரிக்கக் கூடாது என்று அந்த உரிமம் எங்கேயும் சொல்லவில்லை. லினக்ஸ் வெளியாகும் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தைத் தலைகீழாக நின்று படித்தாலும் அப்படி ஒரு வரி கிடைக்காது. மூடிய மென்பொருளில் கதவு பூட்டியிருக்கும், இங்கே திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே போய்ப் பார்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

பார்த்தவர்கள் இருந்ததால்தான் சில விஷயங்கள் வெளியே வந்தன. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10-இல், கணினிக்குள் ஒரு கோப்பைத் தேடுவதற்காகத் தட்டிய சொற்கள் உபுண்டுவை உருவாக்கும் கெனானிக்கல் நிறுவனத்தின் சர்வருக்குப் போயின. பதிலுக்கு அமேசானில் விற்கும் பொருள்கள் தேடல் முடிவுகளோடு வந்து நின்றன. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே அழைத்தார். 2016 ஏப்ரலில் வந்த 16.04-இல்தான் அது இயல்பாகவே அணைக்கப்பட்ட நிலைக்கு வந்தது. ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியை மியூஸ் குழுமம் வாங்கியது 2021-இல். வாங்கிய கையோடு கூகுள், யாண்டெக்ஸ் சேவைகள் வழியாகப் பயன்பாட்டுத் தகவல் சேகரிக்கும் திட்டத்தை முன்வைத்தது. எதிர்ப்பு வெடித்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஜூலையில் வெளியான அதன் தனியுரிமைக் கொள்கையைக் கண்டு சிலர் நிரலையே பிரித்தெடுத்துத் தனி மென்பொருளாக வளர்க்கத் தொடங்கினார்கள். பென்னாகரம் பக்கம் தெருக்கூத்துப் பாட்டைப் பதிவு செய்து தொகுப்பவருக்கு இந்தச் சண்டை தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் வாங்காத மென்பொருளுக்கு யார் உரிமையாளர் ஆனால் என்ன என்றுதான் இருந்திருப்பார்.

அதற்காக எல்லாச் சேகரிப்பும் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பதிப்பு எத்தனை பேரிடம் ஓடுகிறது, எந்த இடத்தில் செயலிழக்கிறது என்று தெரியாமல் நிரல் எழுதுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நடப்பது போல. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தமிழ் இடைமுகத்தை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிக்கை அனுப்புவதை நிறுத்திவிட்டால், தமிழ் மொழிபெயர்ப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்றே எண்ணிக்கை காட்டும். ஆகவே எடுப்பதற்கு முன் கேட்கிறார்களா, எடுப்பதைக் காட்டுகிறார்களா, நிறுத்து என்றால் நிற்கிறார்களா என்ற மூன்றையும் பார்த்துத்தான் நான் தீர்ப்பு சொல்வேன்.

முதல் படி: அந்தக் கணினியில் இருப்பது யாருடைய தகவல்?

அமைப்புகளைத் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் உங்கள் பிள்ளை படிக்கும் கணினி என்றால், ஒப்புதல் கேட்டுவிட்டு எடுக்கும் அறிக்கைகளை அனுப்புவதில் எனக்கு மறுப்பு இல்லை. என் வீட்டுக் கணினியில் சிலவற்றைத் தெரிந்தே திறந்து வைத்திருக்கிறேன்.

கடைக் கணினி வேறு. தேர்வு முடிவு வெளிவரும் மாதங்களில் ஊத்தங்கரையிலோ அரூரிலோ ஒரு இணைய மையத்தில் நாள் முழுக்க என்ன நடக்கிறது? ஆதார் அட்டை ஸ்கேன் ஆகிறது, சாதிச் சான்றிதழ் பதிவேறுகிறது, மாணவியின் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் விண்ணப்பத்தில் ஏறுகின்றன. இவற்றில் ஒன்றுகூட உங்களுடையது அல்ல. ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பதில் நீங்கள் 'சரி' பொத்தானை அழுத்த முடியாது. கடைக் கணினியில் எல்லா அறிக்கையும் அணைக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வருபவை அதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

இரண்டாம் படி: இயங்குதளம்

உபுண்டு 18.04 முதல், நிறுவி முடித்தவுடன் வரும் வரவேற்புத் திரையில் 'கணினியின் விவரங்களை அனுப்பலாமா' என்ற கேள்வி வருகிறது. அந்தப் பதிப்பில் 'ஆம்' என்பதே முன்கூட்டித் தேர்வாகியிருந்தது. 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போகும் நம் பழக்கத்தை அவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். போகும் விவரம் பெரிதில்லை: சி.பி.யு., நினைவகம், திரை அளவு, மொழி, நேர மண்டலம், நிறுவும்போது எடுத்த தேர்வுகள் போன்றவை. 24.04 வரையிலான பதிப்புகளில் என்ன போகும் என்று பார்க்க, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, 'உபுண்டு-ரிப்போர்ட் ஷோ' என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடையில் சிறுகோடு வைத்துத் தட்டுங்கள். அனுப்பக்கூடிய முழு விவரமும் திரையில் விரியும். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. முன்கூட்டித் தேர்வு செய்து வைத்ததில் மதிப்பெண் குறைந்தாலும், எடுப்பதைக் காட்டியதில் கூடிவிடுகிறது.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு நேர்மாறான ஒழுங்கு. எந்தெந்த மென்பொருள் தொகுப்புகள் நிறுவப்பட்டு, பயன்படுகின்றன என்ற பட்டியலை வாரம் ஒருமுறை அனுப்பும் 'பாப்புலாரிட்டி-கான்டெஸ்ட்' என்ற கருவி அங்கே உண்டு. நிறுவும்போது கேட்பார்கள், 'இல்லை' என்பதே இயல்புத் தேர்வு. லினக்ஸில் ஏற்றும் மேசைத்திரைச் சூழலான கே.டி.இ. பிளாஸ்மா 2020-இல் வந்த 5.18 பதிப்பிலிருந்து 'யூசர் ஃபீட்பேக்' என்ற பக்கத்தை வைத்திருக்கிறது. அதுவும் அணைந்த நிலையிலேயே வருகிறது. எவ்வளவு தரலாம் என்பதை ஒரு நழுவுபட்டையால் நீங்களே கூட்டிக்கொள்ளலாம். கேட்கும் முறை இப்படித்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு சிறு விஷயம். உபுண்டு கணினி, இணையம் இருக்கிறதா என்று அறிய அவ்வப்போது கெனானிக்கலின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். அதில் உங்கள் கோப்பு எதுவும் போவதில்லை. ஆனால் இந்த ஐ.பி. முகவரியில் ஒரு கணினி விழித்திருக்கிறது என்ற செய்தி போகிறது. 'பிரைவசி' பகுதியில் 'கனெக்டிவிட்டி' என்ற இடத்தில் அதை நிறுத்தலாம். நிறுத்தினால் பொது வைஃபையில் உள்நுழைவுப் பக்கம் தானாகத் திறக்காது. நான் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் படி: செயலிழப்பு அறிக்கைகள். இங்கே நிதானமாகப் பாருங்கள்

மென்பொருள் தானாகப் பயன்பாட்டுத் தகவல் அனுப்புவதைக் குறிக்கும் டெலிமெட்ரி என்ற சொல்லைக் கேட்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் கடைக் கணினிக்கு உண்மையான ஆபத்து வேறொரு பெட்டியில் இருக்கிறது. ஒரு செயலி திடீரென்று நின்றுபோனால் 'சிஸ்டம் புரோகிராம் பிராப்ளம் டிடெக்டட்' என்று ஒரு சிறிய சாளரம் எழுந்து, அறிக்கை அனுப்பட்டுமா என்று கேட்கும். எதிரே வரிசை நிற்கும் நேரத்தில் அதைப் படிக்க யாருக்குப் பொறுமை? 'சென்ட்' என்று அழுத்தினால் சாளரம் மறையும்; அதனால் அழுத்துகிறார்கள்.

அந்த அறிக்கைக்குள் என்ன இருக்கிறது? செயலியின் பெயர், பதிப்பு, பிழை ஏற்பட்ட இடம் ஆகியவற்றோடு, நின்றுபோன நொடியில் அந்தச் செயலியின் நினைவகத்தில் இருந்தவற்றின் பிரதியும் இருக்கலாம். பி.டி.எஃப். பார்க்கும் செயலி ஒருவருடைய ஆதாரைத் திறந்து வைத்திருந்தபோது நின்றது என்றால், அந்த ஆவணத்தின் துண்டுகள் நினைவகப் பிரதியில் இருக்க வாய்ப்புண்டு. விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது உலாவி நின்றால், தட்டிய எண்களும் அப்படியே. நிரலர்களுக்கு இதைப் படிக்கும் ஆசை இல்லை, அவர்களுக்குப் பிழைதான் வேண்டும். ஆனால் ஆசை இல்லாதது பாதுகாப்பு ஆகிவிடாது.

உபுண்டுவில் செய்ய வேண்டியவை: 'செட்டிங்ஸ்' திறந்து 'பிரைவசி' பகுதிக்குள் 'டயக்னாஸ்டிக்ஸ்' என்பதைத் தொடுங்கள். பிழை அறிக்கை அனுப்புவது பற்றிய தேர்வில் 'நெவர்' வையுங்கள். இதோடு நின்றுவிடாதீர்கள். ஏற்கெனவே சேர்ந்த அறிக்கைகள் கணினியிலேயே கிடக்கும். கோப்பு உலாவியில் மூலக் கோப்புறைக்கு (/) போய் 'வார்' என்பதற்குள் 'கிராஷ்' என்ற கோப்புறையைப் பாருங்கள். அதே பெயரில் முடியும் கோப்புகள் இருந்தால் நிர்வாகி உரிமையோடு அழித்துவிடுங்கள். இவற்றைக் கண்ட கடைக்காரர்கள் பெரும்பாலும் வியப்பது அளவைப் பார்த்துத்தான். நினைவகப் பிரதி என்பதால் ஒரே கோப்பு மிகப் பெரிதாக இருக்கும்.

ஃபயர்ஃபாக்ஸின் செயலிழப்புச் சாளரம் தனி. அதில் அறிக்கை அனுப்பலாமா என்ற கட்டத்தோடு, நீங்கள் இருந்த பக்கத்தின் முகவரியையும் சேர்க்கலாமா என்று இன்னொரு கட்டம் இருக்கும். சில அரசு, வங்கித் தளங்கள் விண்ணப்ப எண்ணை முகவரியிலேயே ஏற்றி வைத்திருப்பதால் இந்தக் கட்டத்தைக் கவனியுங்கள்.

நான்காம் படி: ஃபயர்ஃபாக்ஸ்

முதலில் பார்த்துவிட்டுப் பிறகு அணைப்பது நல்ல வரிசை. முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, 'டெலிமெட்ரி' என்று சேர்த்துத் தட்டுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். ஃபயர்ஃபாக்ஸ் திரட்டி வைத்திருக்கும் தகவல் முழுவதும் அங்கே கிடைக்கும்: கணினியின் வன்பொருள், நிறுவிய நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் சிறுநிரல்கள்), எத்தனை தாவல்கள், எவ்வளவு நேரம் என்று. நீங்கள் போன தளங்களின் பட்டியல் அதில் இல்லை என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

பார்த்த பிறகு 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதன் அடியில் தரவுச் சேகரிப்புப் பகுதி. தொழில்நுட்பத் தரவு அனுப்புவது, ஆய்வுகளை நிறுவி நடத்துவது, செயலிழப்பு அறிக்கை அனுப்புவது ஆகிய கட்டங்களை எடுத்துவிடுங்கள். முதலாவதை எடுத்தால், முன்பு போனவற்றையும் 30 நாள்களுக்குள் அழிப்பதாக, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அங்கேயே அறிவிக்கிறது. ஆய்வுகள் என்ற கட்டத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். 2017 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சித் தொடரின் விளம்பரத்துக்கான நீட்சி இந்த வழியாகத்தான் பலருடைய உலாவிக்குள் கேட்காமல் வந்து உட்கார்ந்தது.

2024 ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பு விளம்பரங்களின் பலனை அளக்கும் ஒரு சோதனை வசதியை இயல்பாகவே இயங்கும் நிலையில் கொண்டுவந்தது. தனிநபரை அடையாளம் காட்டாத முறை என்றது மொசில்லா. கேட்காமல் இயக்கியதுதான் குற்றம் என்று நொய்ப் என்ற தனியுரிமை அமைப்பு அந்த ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரியாவில் புகார் கொடுத்தது. நான் நொய்ப் பக்கம். அளக்கும் முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், கேட்பதற்குப் பதில் அது ஆகாது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அதே பக்கத்தில் விளம்பரம் தொடர்பான கட்டம் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளிலும் இதே பெயரில், இதே இடத்தில் அமைப்பு இருக்கிறது.

ஐந்தாம் படி: நிரல் திறந்தது, நிறுவியது எது?

பர்கூர் பொறியியல் கல்லூரி மாணவர்கள், ஓசூருக்குள்ளும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலரிடம் நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோட் இருக்கிறது. 'இது திறமூலம்' என்பார்கள். அதன் மூலநிரல் எம்.ஐ.டி. என்ற திறமூல உரிமத்தில் வெளியாகிறது, உண்மை. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பதிவிறக்கும் நிறுவுகோப்பு அந்த நிரலோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக் கட்டியது. அதன் உரிமமும் வேறு. டெலிமெட்ரி அதில் இயக்கிய நிலையிலேயே வருகிறது.

அணைக்க, அமைப்புகளில் 'டெலிமெட்ரி' என்று தேடி, 'டெலிமெட்ரி லெவல்' என்பதை 'ஆஃப்' ஆக்குங்கள். பிறகும் வேலை பாக்கி இருக்கிறது: நிறுவிய நீட்சிகள் தம் சொந்த வழியில் தகவல் அனுப்பலாம், எல்லா நீட்சியும் இந்த ஒரு பொத்தானுக்குக் கட்டுப்படும் என்று நம்ப முடியாது. முழுக்கத் தவிர்க்க விரும்பினால் வி.எஸ். கோடியம் இருக்கிறது. அதே நிரலை டெலிமெட்ரி இல்லாமல் கட்டித் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் நீட்சிச் சந்தை அதில் வராது, வேறொரு பொதுச் சந்தை வரும். சில நீட்சிகள் கிடைக்காமல் போவது அதற்குக் கொடுக்கும் விலை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: மென்பொருளின் பெயரை மட்டும் பார்க்காமல், அதைக் கட்டிக் கொடுத்தது யார் என்று பாருங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் ஆகியவற்றின் சொந்த மென்பொருள் மையத்தில் கிடைப்பதை அங்கிருந்தே எடுங்கள். 'இலவச டவுன்லோட்' என்று மஞ்சள் பொத்தான் காட்டும் தளங்களிலிருந்து, பாட்டும் படமும் ஓட்டும் வி.எல்.சி.யை எடுப்பவருக்கு இந்த வழிகாட்டியால் ஒரு பயனும் இல்லை.

ஆறாம் படி: மற்றவை, சுருக்கமாக

லிப்ரே ஆஃபிஸில் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' பக்கத்தில் பயன்பாட்டுத் தகவல், செயலிழப்பு அறிக்கை பற்றிய கட்டங்கள் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில லினக்ஸ் தொகுப்புகளில் அவை இருக்கவே இருக்காது. அதைவிட முக்கியமானது, நீங்களே வெளியே அனுப்பும் தகவல். தட்டச்சு செய்து கொடுக்கும் மனுவின் கோப்புப் பண்புகளில் ஆசிரியர் பெயர், உருவாக்கிய நேரம் எல்லாம் ஒட்டிக்கொண்டு போகும். 'செக்யூரிட்டி' பகுதியில், சேமிக்கும்போது தனிப்பட்ட தகவலை நீக்கும் தேர்வை ஒருமுறை இயக்கிவிட்டால் போதும். ஒருவருடைய புகார் மனு இன்னொருவர் பெயரோடு ஆட்சியர் அலுவலகம் போக வேண்டாம் அல்லவா?

வி.எல்.சி. முதல் முறை திறக்கும்போதே பாடலின் விவரங்களை இணையத்தில் தேடலாமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் போதும். ஆடாசிட்டியில் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதை விருப்பங்களில் அணைக்கலாம்.

ஏழாம் படி: சொன்னதை நம்பாமல் சோதித்துப் பார்ப்பது

அணைத்துவிட்டோம் என்று நினைப்பதற்கும் அணைந்துவிட்டது என்று அறிவதற்கும் நடுவில் ஒரு கருவி வேண்டும். லினக்ஸில் அதற்கு நான் சொல்வது ஓப்பன் ஸ்னிச். இதுவும் திறமூலம்தான். எந்தச் செயலி எந்த முகவரியை அழைக்கிறது என்று காட்டும். அனுமதிக்கலாமா என்று உங்களிடம் கேட்கும். டெபியனின், உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

நிறுவிய முதல் மணி நேரம் தொல்லையாக இருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் சாளரம் எழும்; எரிச்சலில் எல்லாவற்றையும் 'எப்போதும் அனுமதி' என்று தட்டிவிட்டால் கருவி வீண். ஆகவே கடை மூடிய பிறகு, அல்லது ஞாயிற்றுக்கிழமை, நிதானமாகத் தொடங்குங்கள். முதலில் எல்லாவற்றையும் அனுமதித்துப் பதிவு மட்டும் செய்யும்படி இயல்புச் செயலை வையுங்கள். வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்: ஒரு ஸ்கேன், ஒரு அச்சு, ஒரு விண்ணப்பம். பிறகு பட்டியலைத் திறந்து, செயலிகளின் பெயர் வாரியாகப் பாருங்கள். உலாவி இணையத்துக்குப் போவது அதன் தொழில். பி.டி.எஃப். பார்க்கும் செயலியோ கால்குலேட்டரோ ஏன் போகிறது? அந்தக் கேள்வி எழும் இடங்களில் மட்டும் தடுப்பு விதி எழுதுங்கள். முகவரியில் 'டெலிமெட்ரி', 'மெட்ரிக்ஸ்', 'கிராஷ்' என்ற சொற்கள் தென்பட்டால் அவை என்ன வேலைக்கு என்று ஊகிப்பது எளிது. நேரத்தைச் சரிபார்க்கும் இணைப்பு, பாதுகாப்புப் புதுப்பிப்புகளுக்கான இணைப்பு ஆகியவற்றைத் தடுக்காதீர்கள். தனியுரிமை என்ற பெயரில் புதுப்பிப்பை நிறுத்திய கணினிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது.

கருவியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். யாரோடு பேசுகிறது என்று அது சொல்லும். என்ன பேசுகிறது என்று சொல்லாது. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் உள்ளடக்கம் தெரியாது. உள்ளடக்கத்துக்கு அந்தந்த மென்பொருள் காட்டும் பக்கத்தையும், மூலநிரலைப் படித்தவர்கள் சொல்வதையும்தான் சார்ந்திருக்க வேண்டும்.

விண்டோஸில் லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு சிம்பிள்வால், போர்ட்மாஸ்டர் போன்ற திறமூலக் கருவிகள் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஹோம், புரோ பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் 'கட்டாயம்' என்று வகுத்திருக்கும் கண்டறிதல் தரவை அமைப்புகள் வழியாக முழுமையாக நிறுத்த முடியாது.

எட்டாம் படி: சட்டமும் டவுன்லோட்ஸ் கோப்புறையும்

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் என்பது தெளிவான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். முன்கூட்டி டிக் போட்டு வைத்த கட்டம் அந்த அளவுகோலில் நிற்காது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ பெறும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். தமிழும் அதில் உண்டு. ஓசூர்ப் பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்பவர்களுக்கும் அதே உரிமை. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

மென்பொருளைச் சுட்டும் விரல் கடைக்காரரையும் சுட்டும். டெலிமெட்ரியை எல்லாம் அணைத்துவிட்டு, டவுன்லோட்ஸ் கோப்புறையில் கடந்த ஆண்டு வந்தவர்களின் ஆதார் பிரதிகளைக் குவித்து வைத்திருந்தால் அர்த்தம் இல்லை. இதற்கும் வழி இருக்கிறது. உபுண்டுவில் 'பிரைவசி' பகுதியில் குப்பைத் தொட்டியையும் தற்காலிகக் கோப்புகளையும் குறிப்பிட்ட நாளில் தானாக அழிக்கும் தேர்வு உண்டு. ஒரு நாள் என்று வையுங்கள். ஸ்கேன் செய்யும் கோப்புகளை தற்காலிகக் கோப்புறைக்கே போகும்படி அமையுங்கள். வாடிக்கையாளர் வேலைக்கு ஃபயர்ஃபாக்ஸின் தனிப்பட்ட சாளரத்தைப் பயன்படுத்துங்கள். மூடியதும் உள்நுழைவுகள் போய்விடும், ஆனால் பதிவிறக்கிய கோப்பு போகாது என்பதை ஊழியருக்குச் சொல்லி வையுங்கள்.

ஒன்பதாம் படி: மறுபடியும் பார்ப்பது

பெரிய பதிப்பு மாறும்போது அமைப்புகள் மாறலாம், புதிய கட்டங்கள் முளைக்கலாம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் உட்கார முடியாது. உபுண்டு மாற்றும்போது முழுப் பட்டியலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபயர்ஃபாக்ஸின் தரவுச் சேகரிப்புப் பகுதியும் கிராஷ் கோப்புறையும் மட்டும் பார்த்தால் ஒரு கடைக்குப் போதும். ஊழியர் மாறினால் புதியவரின் பயனர் கணக்கில் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவை கணினிக்கு அல்ல, கணக்குக்கு உரியவை.

அணைத்த பிறகும் ஏதாவது வெளியே போவதை ஓப்பன் ஸ்னிச் காட்டினால், அந்த மென்பொருளின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். செயலியின் பெயர், பதிப்பு, அழைத்த முகவரி, நீங்கள் அணைத்த அமைப்பு, இந்த நான்கும் எளிய ஆங்கிலத்தில் இருந்தால் போதும். பதிவின் படத்தை இணைக்கும் முன், திரையின் மூலையில் வாடிக்கையாளரின் கோப்புப் பெயர் தெரிகிறதா என்று பார்த்து வெட்டிவிடுங்கள்.